கோடு படுத்துக் கிடந்த இடம்

கரும்பலகையில் ஒரு கோடு போட்டேன். அடியில் நேரம். பக்கவாட்டில், கம்பம் பஸ் நிலையத்திலிருந்து ஒரு வண்டி இருக்கும் தொலைவு. கோடு மேலே ஏறியது, கொஞ்ச தூரம் படுத்தது, பிறகு கீழே இறங்கியது. சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

"இதுல வண்டி எந்த எடத்துல ரொம்ப வேகமாப் போகுது?"

"படுத்திருக்கிற எடத்துல டீச்சர்."

ஒருத்தி சொல்லவில்லை. ப்ளஸ் ஒன் வகுப்பு மொத்தமும் சேர்ந்து சொன்னது. ஆடி மாதக் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுதேன் மட்டமான ரோடு. மட்டத்துலதேன் வண்டி ஓடும். ஏத்தத்துல முக்கிக்கிட்டுத்தேன் போகும்," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அப்ப எறங்கும்போது?"

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரணும் டீச்சர். இல்லைன்னா பள்ளத்துல கெடப்பம்."

மலைப்பாதைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் நான் போட்டது மலை இல்லை. கோடு படுத்திருந்தால் நேரம் போகிறது, தொலைவு மாறவில்லை. அதாவது வண்டி நிற்கிறது. இதை முந்தின நாள்தான் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து காவ்யா கையைத் தூக்கினாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"அங்கன ஜீப்பு நிக்கிது டீச்சர்."

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "பாருங்கடி, ஒருத்தியாவது கேட்டிருக்கா. எப்படித் தெரியும்னு எல்லாருக்கும் சொல்லும்மா," என்றேன்.

"அங்கனதேன் டவர் கெடைக்கும். எங்கம்மா தோட்டத்துலருந்து வர்றப்ப எறங்கி எனக்குப் போன் போடும். உலை வச்சிட்டியான்னு கேக்கும்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பதில் சரி, காரணம் தப்பு. பாதி மதிப்பெண் என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன்.

ராட்டினத்துக்கு வட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஆய்வுக்கூடத்துத் தராசைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் ஊர்ப் பிள்ளைகளை இப்படிக் கிண்டல் செய்யலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, நானும் அந்த ஊர்ப் பிள்ளைதான். என்னையும் சேர்த்துத்தான் கிண்டல்.

எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் ஒரு மலை தெரியும். மேற்கே கேரளத்து மலை, கிழக்கே மேகமலை, நடுவில் நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக நாங்கள். ஒரு குழந்தை கையில் பென்சில் பிடித்ததும் முதலில் இழுக்கிற கோடு, ஏறி இறங்குகிற கோடுதான். அதற்குக் கீழே நேரம் என்று எழுதினாலும் தொலைவு என்று எழுதினாலும் எங்கள் கண்ணுக்கு அது மலைதான். சமவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறேன்.

மலையை விட்டுவிட்டால் சரியாகும் என்று ஒரு வருஷம் வீரபாண்டித் திருவிழா ராட்டினத்தை எடுத்தேன். ராட்டினத்தில் உட்கார்ந்திருக்கிறாய், நேரம் போகப் போக நீ தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருப்பாய், வரை என்றேன். அலை அலையாக வரவேண்டும். வகுப்பே வட்டம் போட்டுக் கொடுத்தது. ஒருத்தி வட்டத்துக்குள் பெட்டிகள் வரைந்து, ஒரு பெட்டியில் என்னையும் உட்காரவைத்திருந்தாள்.

வட்டம் போட்டால் நேரம் பின்னால் திரும்பி வரவேண்டியிருக்கும் என்று விளக்கினேன். "வந்தா நல்லதுதான டீச்சர், ரெக்கார்டு நோட்ட முடிச்சிரலாம்," என்றார்கள்.

அந்த ராட்டினத்தில் சின்ன வயதில் நான் வாந்தி எடுத்திருக்கிறேன். எடுத்தது பக்கத்தில் இருந்த அண்ணன் சட்டையில். புதுச் சட்டை. அவர் என்னைத் திட்டவில்லை. கீழே இறங்கியதும், "ஏதாச்சும் சாப்பிடுறியா பாப்பா?" என்று கேட்டார். இந்த வாரக் கதை அவரைப் பற்றியது.

சாயங்காலத்துப் போன்

அண்ணன் பெயர் தங்கப்பாண்டி. கம்பத்தில் பரீதாக்கா என்பவரின் ஜீப்பை ஓட்டுகிறார். விடிந்தும் விடியாமலும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக் கணவாய் வழியாக மலைக்கு மேலே போவார். கேரளத்துத் தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டு, பகல் முழுக்க அங்கேயே கிடந்து, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு இறங்குவார். எந்தச் சட்டை போட்டாலும் அவர்மேல் டீசலும் ஏலக்காயும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

நான் உத்தமபாளையத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது ஊரில் ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சாப்பிட்டியா?"

அது என்ன நேரம்? மதியச் சாப்பாடும் இல்லை, இரவுச் சாப்பாடும் இல்லை. விடைத்தாளும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். "ம்" என்பேன். "சரி" என்பார். வைத்துவிடுவார். அவருக்குப் பின்னால் பெண்கள் பேச்சுக் குரல் கேட்கும். எங்கேயோ டீக்கடையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

காவ்யாவுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாப்பா, நீ இந்தக் கோடு கீடெல்லாம் பாத்துச் சொல்லுவேல்ல?"

"எந்தக் கோடு?"

"பரீதாக்கா ஜீப்புல ஒரு பொட்டி மாட்டியிருக்காக. வண்டி எங்கன போகுது, எப்பப் போகுதுன்னு அவுக போன்ல கோடு கோடா வருது. அதப் பாத்துட்டு நான் ஜீப்ப கழுதப் பாதையில எறக்குறேன்னு சொல்றாக. சாவிய வச்சிட்டுப் போன்னு சொல்லிருவாக போல."

கழுதைப் பாதை என்பது அந்தக் காலத்தில் ஏலக்காய் மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றி இறக்கிய ஒற்றையடிப் பாதை. மனிதர் இறங்குவதற்கே முழங்கால் நடுங்கும்.

"எறக்குனியா?"

"அதுல ஜீப்பு எறங்குமா? நீயே சொல்லு."

கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் கிளம்பினேன். என் அண்ணன்மேல் பழி. அதுவும் வரைபடத்தைத் தப்பாகப் படித்து வந்த பழி. எனக்கு இரட்டைக் கோபம்.

பால் பொங்குகிற வேகம்

பரீதாக்காவுக்கு மூன்று ஜீப். அவர் கணவர் ஏலக்காய் வியாபாரமாக அலைகிறவர், வண்டிகள் முழுக்க அக்கா பொறுப்பு. என்னை உட்காரவைத்து, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொடுத்துவிட்டுத்தான் போனையே எடுத்தார்.

"நீயே பாரு டீச்சரு. இது மத்த ரெண்டு ஜீப்பும் சாயங்காலம் எறங்குனது. மேலருந்து எப்படிப் பதனமாச் சாஞ்சு எறங்குது? ரோட்டு வழியா வருது. இந்தா, இது உங்கண்ணன் வண்டி. நெட்டுக்குத்தா விழுகுது. நம்ம மலையில இம்புட்டு நெட்டுக்குத்தா ஒரு ரோடு இருக்கா? கழுதப் பாதையத் தவிர வேற என்ன? போன மாசம்தேன் பிரேக் ஷூ மாத்துனேன். அதுக்குள்ள தேஞ்சு போச்சு. எனக்குத் தெரியாதா?"

பார்த்தேன். அடியில் நேரம். பக்கவாட்டில் கம்பத்திலிருந்து தொலைவு. என் கரும்பலகைக் கோட்டின் பின்பாதி அப்படியே அக்காவின் கையில் இருந்தது. என் வகுப்பு செய்த தப்பையேதான் அக்காவும் செய்திருந்தார். எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"அக்கா, இது ரோட்டோட படம் இல்ல. மலை, பள்ளம் எதுவும் இந்தக் கோட்டுக்குத் தெரியாது. மணி என்ன, கம்பத்துலருந்து எவ்வளவு தொலவு. அம்புட்டுத்தேன் தெரியும்."

"மலை தெரியாதா?"

"நீங்க வாசப்படியிலருந்து அடுப்படிக்கு நடந்து போறீகன்னு வைங்க. வாசப்படியிலருந்து தொலவு கூடிக்கிட்டே போகும். கோடு ஏறும். உங்க வீட்டுத் தரை ஏறுதா என்ன?"

அக்கா குனிந்து தரையைப் பார்த்தார். "இல்ல."

"மெதுவா நடந்தா கோடு சாய்வா ஏறும். அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடுனா?"

"வெரசாப் போயிருவேன்."

"கொஞ்ச நேரத்துல நெறையத் தொலவு. அப்பக் கோடு நெட்டுக்குத்தா ஏறும். திரும்பி வாசலுக்கு ஓடி வந்தா நெட்டுக்குத்தா எறங்கும். சாய்வு அதிகம்னா வேகம் அதிகம். இம்புட்டுத்தேன் விசயம்."

வகுப்பில் ஒரு வாரம் நடத்தியும் ஏறாத பாடம், ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் அக்காவுக்கு ஏறிவிட்டது. பெருமையாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தங்கப்பாண்டி கழுதப் பாதையில எறக்கல," என்றார் அக்கா.

"எறக்கவே இல்லக்கா."

"ரோட்டுலதேன் எறக்கியிருக்காரு."

"ஆமா."

"பால் பொங்குன மாதிரி."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகள், ஜீப் நிறையப் பெண்கள், செங்குத்தாக விழும் கோடு. அண்ணனைக் காப்பாற்ற வந்த எனக்கு, அந்த நிமிடம் அவரை நான்கு அறை விடவேண்டும் போல இருந்தது.

"பொம்பளைகள வச்சுக்கிட்டா?" என்றார் அக்கா. அண்ணன் மறுபடி கூரையைப் பார்த்தார்.

அக்கா விடவில்லை. புதிதாகப் படிக்கத் தெரிந்துகொண்டவருக்கு வருகிற ஆசை. "சரி, அப்ப விழுகுறதுக்கு முன்னாடி இந்தா, படுத்துக் கெடக்கே, இது? நான் மெட்டுல ரோடு மட்டமா இருக்கிற எடமாக்கும்னு இருந்தேன்."

இப்போது அண்ணன் என்னைப் பார்த்தார். வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு. பெண்களை இறக்கிவிட்டதும் அதே ஜீப் சுருளிப்பட்டிக்குப் போய்த் திராட்சைப் பெட்டிகளை ஏற்றி லாரி கிளம்புவதற்குள் கொடுக்கவேண்டும். அது மட்டமான ரோடுதான் அக்கா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார்.

படுத்திருந்த கோட்டுக்கு நேர் கீழே மணியைப் பார்த்தேன். ஐந்து மணி வாக்கு.

காவ்யாவின் குரல் காதில் கேட்டது. அங்கன ஜீப்பு நிக்கிது டீச்சர். அதற்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்டது. சாப்பிட்டியா?

"நிக்கிதுக்கா," என்றேன்.

அக்கா முந்தின நாள், அதற்கு முந்தின நாள் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லா நாளும் அதே இடத்தில் படுத்திருந்தது.

"மேல தோட்டத்துல டவர் கெடையாதுக்கா," என்று அண்ணன் வாயைத் திறந்தார். "காலையில போனாகன்னா பிள்ளைக என்ன ஆச்சுன்னு சாயங்காலம் வரைக்கும் தெரியாது. மெட்டு தாண்டி எறங்குற மொத வளைவுலதேன் டவர் வரும். ஓடுற ஜீப்புச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

"அரை மணி நேரத்துல வீட்டுக்கே போயிருவாகல்ல?"

"அரை மணிக்கு முன்னாடி சொன்னாத்தேன் பிள்ளைக உலை வைக்கும். போனதும் சோறு இருக்கும். லாரிக்கு லேட்டாயிரக் கூடாதேன்னு எறக்கத்துல கொஞ்சம் வெரட்டிட்டேன்."

"கொஞ்சமா," என்றார் அக்கா, கோட்டைப் பார்த்தபடி. இப்போது அவருக்குப் படிக்கத் தெரியும்.

பிறகு அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். "லாரிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். திராட்ச செத்த நேரம் பொறுக்கும். நீ நின்னு பேசவிட்டுத்தேன் வா. ஆனா எறங்குறப்ப இந்தக் கோடு சாஞ்சுதேன் எறங்கணும். ஒரு நாளு நெட்டுக்குத்தா விழுந்துச்சுன்னாலும் சாவி ஏங்கைக்கு வந்துரணும்."

என்னைப் பார்த்து, "நீ நல்லா வருவ தாயி," என்று சிரித்தார்.

போன் வராத வாரம்

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "காப்பாத்தக் கூட்டிட்டுப் போனா, பாடம் நடத்திட்டு வந்துட்ட."

"வளைவுல அப்படி வெரட்டுனா பாடம் நடத்தாம பாராட்டா நடத்துவாக? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகியிருந்தா?"

தெருவிலேயே கத்திவிட்டேன். அவர் பைக்கில் என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

திங்கட்கிழமை வகுப்பில் ஜீப்பை விட்டுவிட்டு அடுப்படியையும் பாலையும் கொண்டுவந்தேன். அபாரமாக வேலை செய்தது. எந்த வீட்டில் பால் பொங்கவில்லை? ராட்டினத்துக்குக்கூட இரண்டு பேர் அலை போட்டார்கள். ஒரு வாத்தியாருக்கு அதைவிட நல்ல வாரம் அமையாது.

ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வரவில்லை. திங்கள் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் "ம்" என்று மட்டும் சொன்ன வாய்க்கு, சொல்ல ஆயிரம் இருந்தது. பசித்தது. யாரும் கேட்காததால் சாப்பிடத் தோன்றவில்லை. சொன்னால் வெட்கம், இரண்டு நாள் அழுதேன்.

சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. மத்தியானமே கம்பம்மெட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே செக்போஸ்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று, அண்ணன் ஜீப் வந்ததும் கையை நீட்டி மறித்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏறு," என்றார். அவ்வளவுதான்.

வளைவில்

பெண்கள் இடித்துக்கொண்டு இடம் கொடுத்தார்கள். ஜீப்புக்குள் ஏலக்காய் வாசனை மூச்சடைத்தது. முதல் வளைவில் அண்ணன் ஓரம்கட்டி என்ஜினை நிறுத்தினார். காற்றுச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் சாய்ந்து கிடந்தது.

எல்லோரும் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் போன். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். உலை வைக்கச் சொன்னார்கள், தம்பியை அடிக்காதே என்றார்கள், ஒருவர் ஆட்டுக்குட்டியைப் பற்றி விசாரித்தார்.

என் பக்கத்தில் நின்றவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க காவ்யாவோட டீச்சரா?" என்றார். அவர் பெயர் பஞ்சவர்ணம். "ஏ காவ்யா, உங்க டீச்சரு இங்கன எங்கூட நிக்கிறாக. பேசுறியா?"

மறுமுனையில் பதறுவது எனக்கே கேட்டது. "வேணாம்மா, வேணாம்மா." பிறகு ஏதோ சொன்னாள். பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினார்.

"என்னமோ சொல்றா டீச்சர். இப்பக் கோடு படுத்துக் கெடக்காம். நேரம் மட்டும்தேன் ஓடுதாம், தொலவு மாறலையாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

"முழு மதிப்பெண்ணுன்னு சொல்லுங்க," என்றேன். "முதல்ல சொன்ன காரணத்துக்கும் சேத்து."

என் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். அண்ணன்.

நிமிர்ந்தேன். அவர் ஜீப்புக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட்டியா?"

"அண்ணே, இங்கனதேன் நிக்கிறேன்."

"தெரியிது. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இல்லண்ணே. சாப்பிடல. இந்த வாரமே சரியாச் சாப்பிடல."

காற்று மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

"உங்க அண்ணிய உலை வைக்கச் சொல்றேன். வீட்டுக்கு வா."

"சரி."

வைத்துவிட்டார். பெண்களும் பேசி முடித்து ஏறினார்கள். எனக்கு முன் சீட்டில் இடம் கிடைத்தது. ஜீப் இறங்க ஆரம்பித்தது, அவ்வளவு மெதுவாக. மூன்றாவது வளைவில் ஒரு பால் வண்டி பின்னால் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, எங்களைத் தாண்டி விரட்டிக்கொண்டு போனது.

"பால் பொங்குது போல," என்றேன்.

அந்த வாரத்தில் முதல் தடவையாக அண்ணன் சிரித்தார்.